நீர்ச்செடிகளுக்குக் கரியமில வாயு ஊட்டும் முறை

தோற்றுவாய்

தியாகராய நகர் என இந்நாளில் வழங்கும் பகுதி முன்னாளில் ஓர் ஏரியின் வயிறாய் இருந்தது என்பதை, அரங்கநாதன் தெருவில் நெருக்குண்டு செல்வோர் எண்ணிப் பார்ப்பது அரிது. நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்நீர்நிலையை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என அழைத்தனர். 1920-களில் அதனைத் தூர்த்து, தெருக்கள் வகுத்து, நடுவே பனகல் பூங்காவை அமைத்து, சர் பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரை நகருக்கு இட்டனர். நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரையின் பெயர் தாங்கிய 'டேங்க் பண்ட் ரோடு' ஒன்றும், மேற்கு மாம்பலத்தில் ஏரி தோன்றிய திசையைக் காட்டும் 'லேக் வியூ ரோடு' ஒன்றும் இன்றும் உள. ஏரி போயிற்று, பெயர்கள் மட்டும் எஞ்சின.

அவ்வேரி கிடந்த இடத்தில், பனகல் பூங்காவுக்கு அணித்தாயுள்ள எம் நண்பர் ஒருவர் இல்லத்தின் முன்னறையில், சென்ற கோடை விடுமுறையில் யாம் மூவர் கூடி ஒரு சிறு கண்ணாடித் தொட்டி அமைத்தோம். நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., உயரம் 36 செ.மீ.; கொள்ளும் நீர் ஏறக்குறைய 60 லிட்டர். மீன்களை மட்டுமன்றி நீரினுள் வாழும் செடிகளையும் அதில் வளர்த்துப் பசுமை காணவேண்டும் என்பதே எம் அவா. அம்முயற்சியில் யாம் கற்றனவற்றையும், ஒரு விடியற்காலையில் இழந்தனவற்றையும், இம்மலரைப் படிக்கும் உடன்மாணவர்க்குப் பயன்படுமாறு ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

தமிழ் பயிலும் மாணவராகிய உங்களுக்கு இரசாயனத்தில் என்ன வேலை என வினவுவாரும் உளர். புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக எண்ணி, உயிர்களை அறிவின் வழியே வரிசைப்படுத்திய மரபியலைப் பாடமாகக் கொண்ட எமக்கு, அவ்வோரறிவுயிர் எதனை உண்டு வாழ்கின்றது எனக் கேட்பது புறம்பான வேலையன்று.

பெயரும் பொருளும்

கரியமில வாயு என்னும் பெயரே ஒரு சிறு பாடம். கரி, அமிலம், வாயு என்னும் மூன்று சொற்கள் கூடி அமைந்தது அது. கரி எரியப் பிறப்பது, நீரிற் கரைந்தால் மெல்லிய புளிப்புத் தருவது, வாயு வடிவினது. இம்மூன்று இயல்புகளும் பின்னர் வேண்டப்படும். ஆதலின் பெயரை மறவாதிருத்தல் நலம். கடைக்காரரும் தொட்டி வளர்ப்போரும் இதனைச் 'சி.ஓ.2' என்றே கூறுவர்.

செடிகள் ஒளியின் துணையால் இவ்வாயுவையும் நீரையும் கொண்டு சர்க்கரைப் பொருளை ஆக்கிக் கொள்கின்றன. பிராண வாயுவை வெளிவிடுகின்றன. உலர்ந்த செடியின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் கரியே. அக்கரி மண்ணிலிருந்து வந்ததன்று. பெரும்பாலும் இவ்வாயுவிலிருந்து வந்தது. எனவே, உரத்தைப் பற்றி மட்டும் கவலையுற்று வாயுவை மறப்பவர், உப்பை அளந்து போட்டு அரிசியை மறந்த சமையற்காரரை ஒப்பர்.

இவ்வுண்மையை மக்கள் அறிந்த வரலாறு சுவையுடையது. இங்கிலாந்து தேயத்து லீட்ஸ் நகரில் 1767-ஆம் ஆண்டு திருச்சபைப் போதகராகப் பணியேற்ற ஜோசப் பிரீஸ்ட்லி என்பார், தம் இல்லத்தின் அருகிலிருந்த மதுவடிசாலையில், புளிக்கும் தொட்டிகளின்மேல் ஒருவகை வாயு தேங்கி நிற்பதைக் கண்டார். அதனை நீரிற் கரைக்கும் முறையை ஆராய்ந்து 1772-இல் ஒரு சிறு நூலும் வெளியிட்டார். நாம் பருகும் சோடாவின் தொடக்கம் அதுவே. அடைத்த பாத்திரத்துள் மெழுகுவர்த்தி எரிந்து கெட்ட காற்றை ஒரு புதினாச் செடி மீண்டும் நற்காற்றாக்குதலையும் 1771-இல் அவர் கண்டார். எனினும் அச்செயலுக்கு ஒளி இன்றியமையாதது என்பதை அவர் தெளியவில்லை. அதனைத் தெளிவித்தவர் யான் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர். 1779-இல் அவர் இலைகளை நீரினுள் அமிழ்த்தி வெயிலில் வைத்தபோது அவற்றின்மேல் குமிழிகள் அரும்பின. இருளில் வைத்தபோது அவை நின்றன. நன்றாய் வளரும் செடித்தொட்டியில் நண்பகலில் இலைநுனிகளிலிருந்து முத்துக்கோவை போல் எழும் குமிழிகளைக் காண்போர், இங்கன்ஹவுஸ் கண்ட காட்சியையே காண்கின்றனர்.

1850-ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து இரசாயன அறிஞர் இராபர்ட் வாரிங்டன், தங்கமீன், வாலிஸ்நேரியாச் செடி, நத்தை ஆகியவற்றை ஒரே கலத்தில் வைத்து, ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவாதலைக் காட்டினார். நம் சென்னையிலும் 1909-ஆம் ஆண்டிலேயே கடற்கரையில் பொதுமக்கள் காணுமாறு மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. செடிகளையே முதன்மையாகக் கொண்டு காடும் மலையும் போல் தொட்டியை அமைக்கும் கலையை உலகெங்கும் பரப்பியவர் ஜப்பானியரான தக்காஷி அமானோ (1954–2015) ஆவர்.

நீரில் ஏன் குறைகின்றது?

காற்றில் வாழும் செடிக்கு வாயு தானே வந்து சேர்கின்றது. நீரில் வாழும் செடிக்குச் செயற்கையாய் ஊட்டுவானேன் என ஐயம் எழலாம். இதற்கு இரண்டு காரணங்கள் உள.

முதலாவது, காற்றோடு சமநிலை எய்தி நிற்கும் நீரில் இவ்வாயு லிட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும். நீர் வெப்பமுறுந்தோறும் அதன் வாயு தாங்கும் திறன் குறையும். தூய கரியமில வாயுவோடு சமநிலையில் நிற்கும் நீர், 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம் கொள்ளும். 30 டிகிரியில் சுமார் 1.26 கிராமே கொள்ளும். சென்னைக் கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுதல் எளிது.

இரண்டாவது, இவ்வாயு நீரினூடே பரவும் வேகம் காற்றிற் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்கே. இலையைத் தழுவி அசையாது நிற்கும் நீர்ப்படலத்திலுள்ள வாயுவை இலை உறிஞ்சியபின், அடுத்த கவளம் வந்து சேர நெடுநேரமாகும். ஆகவே வாயுவைக் கரைப்பது மட்டும் போதாது. நீரை மெல்ல ஓடச்செய்து இலைதோறும் கொண்டு சேர்ப்பதும் வேண்டும்.

ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா முதலிய சில செடிகள், கடினநீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டு உப்பிலிருந்தும் கரியைப் பெறவல்லன. அதனாலேயே அவை நம் ஏரிகளிலும் கால்வாய்களிலும் தடையின்றிப் படர்கின்றன. எல்லாச் செடிகட்கும் அத்திறன் இல்லை. நம் தென்னாட்டுக்குரிய செந்நிற ரோட்டாலா மக்ராண்ட்ரா போன்றவை கரைந்த வாயு போதாவிடின் நுனி கருகி, கீழிலை உதிர்ந்து மெலியும். இதற்கு மாறாக, நாட்டு மருந்துக்கடைகளிற் பெயர்பெற்ற நீர்ப்பிரம்மியும், இலங்கைக்கே உரிய கிரிப்டோகரைன் வெண்டியையும் குறைந்த வாயுவிலும் பொறுமையாய் வாழும். வாயு ஊட்டும் வசதியில்லாத மாணவர் இவற்றைக் கொண்டு தொடங்குதல் தகும்.

ஒன்று கருதத்தக்கது. செடியின் வளர்ச்சியை, அதற்கு வேண்டுவனவற்றுள் எது மிகக் குறைவோ அதுவே வரையறுக்கும். ஜெர்மானியரான லீபிக் பரப்பிய இவ்விதி வயலுக்கும் பொருந்தும், தொட்டிக்கும் பொருந்தும். ஒளியை மிகுத்து வாயுவைக் குறைத்தால் செடி தளரும்; பாசி பெருகும். வாயுவை மிகுத்து ஒளியைக் குறைத்தால் வாயு வீணாகும். ஆதலின் ஒளி, உரம், வாயு என்னும் மூன்றும் ஒத்துச் செல்லவேண்டும்.

வாயு பெறும் வழிகள்

வழிகள் மூன்று. முதலாவது ஈஸ்டு முறை. ஒரு புட்டியில் வெல்லம் அல்லது சர்க்கரைக் கரைசலை ஊற்றி, சிறிது ஈஸ்டு சேர்த்து மூடினால், அது புளித்து வாயுவை வெளிவிடும். பிரீஸ்ட்லி மதுவடிசாலையிற் கண்டதும் இதுவே. செலவு மிகக் குறைவு. ஆனால் இதனை நிறுத்தவோ மட்டுப்படுத்தவோ வழியில்லை. வெப்பம் மிகுந்தால் விரைந்து பொங்கும். சில நாட்களில் தளரும்.

இரண்டாவது, சமையற் சோடாவையும் சிட்ரிக் அமிலத்தையும் இரு புட்டிகளில் வைத்துச் சிறிது சிறிதாய்க் கலக்கச் செய்யும் முறை. 200 கிராம் சமையற் சோடா முற்றும் வினைபுரிய ஏறக்குறைய 152 கிராம் சிட்ரிக் அமிலம் வேண்டும்; அதிலிருந்து சுமார் 105 கிராம் வாயு கிட்டும். இதில் வால்வு பொருத்தலாம். ஆயினும் அழுத்தம் தாங்காத புட்டி வெடிக்கும் அச்சம் உண்டு. அளவுகாட்டியும் காப்பு வால்வும் கூடிய மூடியின்றி இதனை முயலுதல் கூடாது.

மூன்றாவது, அழுத்திய வாயு நிறைந்த சிலிண்டர். தொடக்கச் செலவு மிகுதி. ஆயின் அளவும் நேரமும் நம் கையில் இருப்பன. வண்ணமீன் வாணிபத்துக்குப் பேர்போன கொளத்தூரில் இக்கருவிகளை ஒருங்கே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

கருவிகளும் அவற்றின் தொழிலும்

சிலிண்டரினுள் வாயு பெரும்பாலும் திரவமாகவே இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் அதன் அழுத்தம் சுமார் 64 பார்; அஃதாவது நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் அறுபது மடங்குக்கு மேல். உள்ளே திரவம் எஞ்சியிருக்கும்வரை அழுத்தமானி ஒரே அளவைக் காட்டும். ஆதலால் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்பதைத் தராசில் நிறுத்தே அறிதல் வேண்டும். முள் சாயத் தொடங்கின் முடிவு அண்மையில் உள்ளதென்க. நம் ஊரார் கருதவேண்டிய சிறப்பொன்று உண்டு. 31 டிகிரியே இவ்வாயுவின் எல்லை வெப்பம். அதற்குமேல் எவ்வளவு அழுத்தினும் அது திரவமாகாது. வெப்பம் ஏறுந்தோறும் அழுத்தம் விரைந்து ஏறும். சித்திரை வைகாசி மாதங்களில் நம் வீடுகளின் நிழலே இவ்வெல்லையைக் கடந்து நிற்பது. எனவே சிலிண்டரை வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், சாயாதவாறு கட்டி நிமிர்த்தி வைத்தல் வேண்டும். சாய்த்து வைத்தால் திரவமே ரெகுலேட்டரில் புகுந்து கேடு செய்யும். சோதனை முத்திரை பெற்ற சிலிண்டரையே வாங்குக. அளவுக்கு மிஞ்சி நிரப்பித் தருமாறு கேளற்க.

ரெகுலேட்டர், சிலிண்டரின் பேரழுத்தத்தைத் தணித்து ஒன்று முதல் இரண்டு பார் அளவிற் கொடுப்பது. அதனை அடுத்துச் சோலினாய்டு வால்வு. மின்சாரம் வரும்போது திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் வகையினதாக இருத்தல் வேண்டும். மின்தடை நேர்ந்தால் விளக்கும் அணையும், நீரோட்டமும் நிற்கும். அப்போது வாயுவும் தானே நிற்பது உயிர்காக்கும். அதற்கடுத்த ஊசி வால்வே ஓட்டத்தை நுண்ணிதாய்த் திருத்துவது. பின்னர் ஒருவழி வால்வு. நீர் பின்னோக்கி ஏறி ரெகுலேட்டரைக் கெடுக்காமல் தடுப்பது. பின்னர் குமிழி எண்ணி. சிறு கண்ணாடிக் கூட்டினுள் நீரூடே செல்லும் குமிழிகளை நொடிக்கு இத்தனை என எண்ண உதவுவது. இவற்றை இணைக்கும் குழாய் பாலியுரேத்தேன் வகையாதல் நன்று. சிலிக்கோன் குழாயின் சுவரூடே இவ்வாயு கசிந்து போகும்.

இறுதியில் நிற்பது டிஃப்யூசர் எனப்படும் பரப்பி. அதன் முகத்திலுள்ள நுண்துளைப் பீங்கான் தட்டு, வாயுவைப் பனித்துகள் போன்ற குமிழிகளாகச் சிதைக்கும். சிதைப்பதனால் வரும் பயனைக் கணக்கிட்டுக் காண்போம். நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழி ஒன்றை, மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கு விட்டமுள்ள குமிழிகளாக்கினால், 64,000 குமிழிகள் ஆகும். வாயுவின் அளவு மாறாதிருக்க, நீரைத் தொடும் பரப்பு மட்டும் 40 மடங்காகும். அன்றியும் சிறு குமிழி மெல்ல ஏறும். கரைதற்கு நேரமும் மிகும். பெருங்குமிழியோ விரைந்து மேலேறி வெடித்து, வாயுவைக் கூரைக்குக் கொடுத்துவிடும்.

அமைக்கும் முறை

முதலில் சிலிண்டர் வாயிலும் ரெகுலேட்டரிலும் தூசியில்லாமல் துடைத்து, வாஷரை இருத்தி, திருகுசாவியால் அளவாய் இறுக்கவேண்டும். ஊசி வால்வை மூடிவைத்துப் பின்னரே சிலிண்டரின் பெருவால்வை மெல்லத் திறக்கவேண்டும். இணைப்புகள்தோறும் சோப்பு நீரைத் தடவிப் பார்க்க. நுரை பொங்கும் இடம் கசியும் இடம்.

அடுத்து, டிஃப்யூசரைத் தொட்டியின் அடித்தளத்தினின்று சிறிதே உயர்த்தி, வடிகட்டியின் நீரோட்டம் குமிழிகளைக் கீழ்நோக்கித் தள்ளிப் பரப்புமாறு பொருத்தவேண்டும். புதிய பீங்கான் தட்டை ஓரிரவு நீரில் ஊறவைத்தல் நலம். சில வாரங்களில் அதன்மேல் பாசி படர்ந்து துளைகள் அடைபடும். அப்போது நீர்த்த பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, பலமுறை அலசி, மணம் அறவே போனபின் மீண்டும் இடுக. அக்கரைசலோடு எவ்வகை அமிலத்தையும் கலத்தலாகாது; நச்சுவாயு எழும்.

பின்னர் சோலினாய்டை நேரங்காட்டியோடு இணைக்க. விளக்கு எரிவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்னரே வாயு தொடங்கவேண்டும். விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே நிற்கவேண்டும். புதிய தொட்டிக்கு நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேர ஒளி போதும். இரவில் செடியும் மூச்சு விடுமேயன்றி உணவு சமைக்காது. அப்போது அதுவும் பிராண வாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடும். ஆகவே இரவில் வாயு ஊட்டுதல் பயனற்றது மட்டுமன்று, பெருங்கேடும் ஆகும்.

எம் தொட்டி போன்றதற்கு இரண்டு நொடிக்கு ஒரு குமிழி எனத் தொடங்கி, சில நாட்கள் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாய் உயர்த்துதல் முறை. குமிழியின் பருமன் கருவிக்குக் கருவி வேறுபடுதலால், ஒருவர் எண்ணிக்கை மற்றொருவர்க்குப் பொருந்தாது.

அளவறிதல்

அளவறியும் கருவி 'டிராப் செக்கர்' எனப்படும். தலைகீழாய்த் தொங்கும் சிறு கண்ணாடிக் குடுவை அது. அதில் நான்கு டிகிரி கார்பனேட்டுக் கடினமுடைய கரைசலை ஊற்றி, புரோமோதைமால் நீலம் என்னும் சாயத்தைச் சில துளி இட்டு, தொட்டிக்குள் ஒட்டிவைப்பர். தொட்டி நீருக்கும் அக்கரைசலுக்கும் இடையே காற்று மட்டும் இருக்கும். கரைந்த வாயு அக்காற்றிடையைத் தாண்டிச் சாயத்தை மாற்றும். நீலமாயின் வாயு குறைவு; பசுமையாயின் லிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம், அளவு சரி; மஞ்சளாயின் மிகுதி, மீனுக்கு இடர். பெயரிலுள்ள 'அமிலம்' என்னும் சொல் இங்குத் தொழிற்படுதலைக் காண்க. வாயு மிக மிகப் புளிப்பு மிகும். புளிப்பு மிக நிறம் மாறும்.

இரண்டு எச்சரிக்கைகள். குடுவையுள் தொட்டி நீரை ஊற்றலாகாது. அதிலுள்ள பிற பொருள்கள் கணக்கைக் கெடுக்கும். ஆழ்குழாய் நீரின் கடினம் வீட்டுக்கு வீடு வேறுபடும் நம் ஊரில் இது மிகவும் கருதத்தக்கது. மேலும், நிறம் மாற ஒன்று இரண்டு மணி நேரம் ஆகும். எனவே அது காட்டுவது இப்போதைய நிலையன்று, சற்று முன்னைய நிலை. ஆதலின் எல்லாவற்றினும் சிறந்த அளவுகோல் மீனே. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து திறந்து மூடின், நிறம் எதுவாயினும் வாயுவை உடனே நிறுத்துக.

யாம் செய்த பிழை

மேலே கூறிய முறைகளுட் பலவற்றை யாம் முன்னரே அறிந்து செய்தோமல்லேம். கையிற் பொருளில்லாமையால் முதலில் ஈஸ்டு முறையையே மேற்கொண்டோம். ஒரு புட்டியில் 200 கிராம் சர்க்கரை கரைத்தோம். இரண்டு நாளில் குமிழிகள் எழக்கண்டு களித்தோம். நீர்ப்பிரம்மி தளிர்விட்டது. ஆசை மிகுந்தது, இரண்டாவது புட்டியையும் இணைத்தோம். அன்று வெப்பம் கடுமையாய் இருந்தது. இரவு விளக்கை அணைத்தோம். ஓசை மிகுகின்றதென்று காற்றுப் பம்பையும் நிறுத்தினோம். புட்டிகளை மட்டும் அப்படியே விட்டுப் பிரிந்தோம்.

மறுநாள் விடியலில் எழுந்து முதலிற் பார்த்தவர் நண்பரின் பாட்டியார். "ஏம்ப்பா, மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குதே, தண்ணியிலே என்னத்தைக் கலந்தீங்க?" என அவர் நண்பரை எழுப்பினார். நண்பர் பதறி யாது செய்வதென அறியாது எம்மைத் தொலைபேசியில் அழைத்துக் கொண்டிருக்க, அம்மூதாட்டியார் செம்பு ஒன்றை எடுத்துத் தொட்டி நீரை மொண்டு உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் ஊற்றினார். யாம் ஓடிச் சேர்ந்தபோது பன்னிரண்டு டானியோ மீன்களுள் ஏழு இறந்து கிடந்தன, ஐந்து பிழைத்தன. இரசாயனம் ஒன்றும் பயிலாத அவர் செய்ததே அந்நேரத்துக்குரிய சரியான மருந்து. நீரைக் கலக்கி ஊற்றுந்தோறும் மிகையான கரியமில வாயு வெளியேறும்; பிராண வாயு உட்புகும்.

பின்னர் அமர்ந்து கணக்கிட்டோம். எம் தொட்டியின் 60 லிட்டர் நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வீதம் வாயு நிறைய வேண்டுவது 1.8 கிராம் மட்டுமே. 200 கிராம் சர்க்கரை முற்றும் புளித்தால் 100 கிராமுக்கு மேல் வாயு தரும். அஃதாவது தேவையிற் போல் ஐம்பது மடங்குக்கு மேல். யாம் இணைத்தவையோ இரண்டு புட்டிகள். பெரும்பகுதி காற்றிற் போய்விடுமாயினும், அசைவற்ற இரவு நீரில் எஞ்சியதே போதியதாயிற்று. நீரில் இவ்வாயு மிகும்போது மீனின் இரத்தத்திலுள்ள வாயு செவுள் வழியே வெளியேற மாட்டாது தேங்கும், இரத்தம் புளிப்பேறும், புளிப்பேறிய இரத்தம் பிராண வாயுவைப் பற்றும் திறன் இழக்கும். அருகே பிராண வாயு இருப்பினும் மீன் மூச்சடைத்து மாளும்.

இது மீனுக்கு மட்டும் உரிய இடரன்று. கரியமில வாயு காற்றினும் ஒன்றரை மடங்கு கனமுடையது. தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஆப்பிரிக்காவில் காமரூன் நாட்டு நியோஸ் ஏரியின் அடியில் கரைந்து கிடந்த இவ்வாயு, 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் இரவு திடீரெனப் பொங்கி எழுந்து பள்ளத்தாக்குகளில் இறங்கியதால் 1,700-க்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். ஆதலின் சிலிண்டரை மூடிய சிற்றறையில், அதிலும் உறங்கும் அறையில், வைத்தல் தகாது.

அதன்பின் யாம் மூவரும் சில மாதம் சிற்றுண்டிச் செலவைக் குறைத்துப் பொருள் சேர்த்து, சிலிண்டரும் சோலினாய்டும் நேரங்காட்டியும் வாங்கினோம். வாங்கியபின்னும் முதல் ஒரு வாரம் மீனின்றிச் செடிகளை மட்டும் வைத்து, டிராப் செக்கரின் நிறத்தைக் காலை, நண்பகல், மாலை என மும்முறை குறித்து வந்தோம். பிழைத்த ஐந்து மீன்கள் அதுவரை வேறொரு வாளியில், காற்றுப் பம்போடு, பாட்டியாரின் கண்காணிப்பில் இருந்தன. அவர் இசைந்த பின்னரே அவற்றை மீண்டும் விட்டோம்.

மற்றொன்றும் கூறவேண்டும். தொட்டி நீரில் மூன்றிலொரு பங்கை வாரந்தோறும் மாற்றுதல் நலம். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற நகரம் இது. ஆதலால் மாற்றிய நீரை ஒருபோதும் சாக்கடையில் விட்டோமில்லை. மீனின் கழிவு கலந்த அந்நீர் செடிக்கு நல்லுரம். மாடியிலுள்ள துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் அதுவே பாய்கின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கரியமில வாயு செடிக்கு உணவாதலும், மிகின் மீனுக்கு நஞ்சாதலும், இரண்டுக்கும் இடையே நிற்பது அளவு ஒன்றே ஆதலும் விளங்கும். ஒளியோடு வாயு வருக, ஒளிக்கு முன்னே வாயு செல்க, நீர் ஓடுக, நிறம் பார்க்க, நிறத்தினும் மீனைப் பார்க்க. இவ்வைந்தே இத்துறையின் சுருக்கம்.

ஏரியில் வாழும் மீனுக்கு மூச்சு முட்டினால் வேறிடம் செல்லும். ஈரடிக் கண்ணாடிக்குள் நாம் அடைத்த மீனுக்குச் செல்ல வேறிடம் இல்லை. அதன் காற்றும் நீரும் இரவும் பகலும் நம் கையில் உள்ளன. ஓர் உயிரை அடைத்து வைப்பவன், அதற்கு வேண்டுவதை முன்னரே கற்றுக்கொண்டு அடைக்கக் கடமைப்பட்டவன். யாம் அதனை ஏழு மீன்களை இழந்த பின் கற்றோம். இக்கட்டுரையைப் படிக்கும் நண்பர்கள் ஒன்றையும் இழவாது கற்பாராயின், அதுவே எமக்குப் போதிய மகிழ்ச்சி.